அம்மாவுக்கு ஏன் இவ்வளவு களைப்பு?

“மாமி முந்தி இப்பிடி இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி எல்லா வேலையும் முடிச்சிடுவா. இப்ப எந்த நேரமும் படுக்கைதான். குளிசையும் ஒழுங்காத்தான் போடுறா.”

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் மருமகள் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. உள்ளறையில் படுத்திருந்த அம்மாவுக்கு அது கட்டாயம் கேட்டிருக்கும். தனியே பேசியபோது அவர் சொன்னார்: “நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்புப் போகுதில்லை பிள்ளை. தலை இழுக்கக் கையைத் தூக்கவே ஏலாமல் கிடக்கு. நடிக்கிறன் எண்டு நினைக்கினம்.”

அவருக்கு இருதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டதும் இருதயம் நின்றுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் இறைத்துக் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மாரடைப்பு, நீண்டகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதான வால்வு எனக் காரணங்கள் பல. சில பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றை அண்டிய மாதங்களிலும் இது வருவதுண்டு. ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று நாம் விட்டுவிடுகிறோம்.

கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் வீட்டார் உடனே கவனிப்பார்கள். களைப்பு மட்டும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தசைகளுக்குப் போதிய இரத்தம் கிடைக்காததால் வரும் களைப்பு இது. ஒரு மத்தியான நித்திரையில் தீர்ந்துவிடாது. நாட்பட நாட்படத் தசைகளும் மெலிகின்றன. இரவில் நேராகப் படுத்தால் மூச்சு முட்டுவதால் நித்திரையும் குழம்புகிறது. இரும்புச்சத்துக் குறைவு சேர்ந்தால் இன்னும் மோசம். 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், அக்குறைவுள்ள இருதய நோயாளருக்கு நாளம் வழியாக இரும்புச்சத்து ஏற்றியபோது அவர்களுடைய தெம்பும் வாழ்க்கைத்தரமும் உயர்ந்தன. ஆகவே ‘களைப்பாயிருக்கு’ என்பதைக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சில குளிசைகள் தொடக்கத்தில் களைப்பைக் கூட்டும். அதற்காக நாமாக அவற்றை நிறுத்தக்கூடாது.

இந்நோயாளரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவான வினாக்கொத்தில் 21 கேள்விகள் உள்ளன. மாடிப்படி ஏறக் கஷ்டமா, பகலில் படுக்க வேண்டியிருக்கிறதா, வீட்டு வேலை செய்ய முடிகிறதா என்று கேட்கிறார்கள். குடும்பத்தாருக்குச் சுமையாகிவிட்டதாக நினைக்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி. நான் சந்தித்த பெண்களில் அநேகர் மற்றவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, இதற்கு மட்டும் பேசாமல் இருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இன்னொருவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர். இப்போது மாப் பிசையக் கை விடுவதில்லை, வருமானமும் போயிற்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கிளினிக்குக்குப் போய், வரிசையில் இருந்து, திரும்ப வந்து படியேறினால் அடுத்த இரண்டு நாளும் எழும்ப ஏலாது என்கிறார். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கக் காசில்லாமல், குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தார். இரண்டு தடவை வார்ட்டில் தங்க நேர்ந்தது. வெள்ளவத்தை அம்மாவுக்கு லிஃப்ட் இருந்தும் அந்த வருடம் பயனில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கோயிலுக்குப் போவதை அப்போது விட்டவர், பிறகு போகவேயில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சமையலறையில் ஒரு கதிரை, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உடம்பு தெம்பாக உள்ள நேரத்துக்கு ஒரு வேலை, பிறகு ஓய்வு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டி ஆகியவற்றைக் குறைப்பது. (நெத்தலிக் கருவாட்டுக்கு எங்கள் வீடுகளில் நடக்கும் சண்டையை எழுதப் புறப்பட்டால் இந்த இதழ் போதாது.) மூட்டு வலிக்குப் பாமசியில் தாமாக வாங்கும் நோ மாத்திரைகளில் பல, உடம்பில் நீரைத் தேக்கி இருதயத்தைக் கெடுக்கும். தினமும் காலையில் சலம் கழித்த பின், சாப்பிட முதல் நிறை பார்க்கவேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரைக் காணவேண்டும்.

முழுநாளும் படுத்திருப்பதும் நல்லதல்ல. வைத்தியர் அனுமதித்தால் மெதுவாக நடப்பது தசைக்குப் பலம் தரும். பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகம் போதும்.

வெள்ளவத்தை வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். அம்மா கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த வேலையை அவரே கேட்டு வாங்கினாராம். நிறை எழுதும் கொப்பியை மருமகள் கொண்டுவந்து காட்டினார். எண்களுக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி: ‘இண்டைக்கு மாமி மெரைன் டிரைவ் வரை நடந்தவ. இரண்டு தரம் இருந்து எழும்பினவ.’