புயல் தாங்கும் ஜன்னல்: எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

‘புயலே அடித்தாலும் உடையாது சார்’ என்றுதான் கடலோர அடுக்குமாடிகளில் ஜன்னல் வியாபாரம் நடக்கிறது. உடையவே உடையாத ஜன்னல் கண்ணாடி கிடையாது. உடைந்தாலும் ஃபிரேமை விட்டு விழாத கண்ணாடி உண்டு. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் அதற்குக் கொடுங்கள்.

இரண்டு வகை

டஃபண்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுவானது. உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். ஆளுக்குப் பெரிய காயம் இருக்காது. ஆனால் ஜன்னல் இருந்த இடம் வெறும் ஓட்டையாகிவிடும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். காரின் முன்பக்கக் கண்ணாடி இந்த வகைதான். அடிபட்டால் விரிசல் விடும், எளிதில் பெயர்ந்து விழாது. விலை அதிகம்.

ஃபுளோரிடாவும் நாமும்

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைச் சூறையாடிய பிறகு, மயாமி வட்டாரத்தில் கடும் விதிகள் வந்தன. அங்கே சுமார் 4 கிலோ மரக்கட்டையை மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஜன்னல்மேல் எறிந்து சோதிக்கிறார்கள். காரணம், ஜன்னல் உடைந்து உள்ளே புகும் காற்று மரக்கூரையைக் கீழிருந்து தூக்கிவிடும்.

நம் கான்கிரீட் தளத்துக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. நமக்கு நேர்வது கண்ணாடிக் காயமும், மழை புகுந்து மின்சாதனங்களும் ஃபால்ஸ் சீலிங்கும் பாழாவதும்தான். ஷீட் கூரை வீடாக இருந்தால், ஜன்னலுக்கு முன்பே கூரையை இறுக்கிப் பிணைக்கச் செலவிடுங்கள்.

எங்கே தேவை?

இரும்புக் கிரில் போட்ட சிறிய ஜன்னலுக்கு டஃபண்டு போதும். மரக்கதவு வைத்த பழைய ஜன்னலென்றால் கொக்கிகளைச் சரிபார்த்தாலே போதும். கிரில் இல்லாத பால்கனி ஸ்லைடிங் கதவு, கடலைப் பார்த்த மேல்தள ஜன்னல், எதிரே தகர ஷெட்டோ மொட்டைமாடி ஷீட்டோ உள்ள அறை ஆகியவற்றுக்கு லேமினேட்டட் போடுவதில் அர்த்தமுண்டு. வீடு முழுக்க மாற்ற வேண்டியதில்லை.

ஐ.எஸ். 875 தரவிதி சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்தக் காற்றைக் கண்ணாடி தாங்கினாலும் ஃபிரேம் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் பணம் வீண். யுபிவிசி ஃபிரேமுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறதா, சுவரில் ஆங்கர் ஸ்குரூ போட்டார்களா, நுரையை மட்டும் அடித்து மூடிவிட்டார்களா என்று நின்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: தீ விபத்தில் லேமினேட்டட் கண்ணாடியை உடைத்து வெளியேறுவது கடினம். ஓர் அறையிலாவது திறக்கக்கூடிய ஜன்னலும் கிரில்லும் இருக்கட்டும்.

ஏமாறாமல் இருக்க

கொட்டேஷனிலும் பில்லிலும் கண்ணாடியின் வகை, தடிமன், படலத்தின் தடிமன், ஐ.எஸ். 2553 என்ற தர எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். ‘டெஸ்ட் செய்தது’ என்றால் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பொருத்துவதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்: லேமினேட்டட் என்றால் நடுவில் படலத்தின் கோடு தெரியும்.

பிரச்சினை வந்தால்

சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்றால் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்கு அங்கே. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

புதிய ஃபிளாட்டில் ஜன்னல் வேலை மோசமென்றால், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீடு ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் குறையை பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீட்டில் புயல் சேதமும் அடங்கும். உடைந்ததைக் கூட்டி அள்ளுவதற்கு முன் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு திறப்புக்குத்தான் போதுமென்றால், பால்கனிக் கதவிலிருந்து தொடங்குங்கள்.