கனிமரத்தின் இடையே கால்நடைக்கு உணவு

வானம் பார்த்த பூமியை நம்பி வாழும் கமக்காரனுக்குக் கவலைகள் இரண்டு. மழை பொய்த்தால் வீட்டில் உலை கொதியாது என்பது ஒன்று. கொட்டிலில் நிற்கும் வாயில்லாச் சீவனுக்கு எதை இடுவது என்பது மற்றொன்று. முதற் கவலையைப் பேசுவோர் பலர். இரண்டாவதை எண்ணுவோர் சிலரே.

வட இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரந்து கிடக்கும் அந்நிலத்தில், ஆண்டு மழையின் பெரும்பகுதி யூன் முதல் செப்டெம்பர் வரையிலேயே பெய்துவிடுகின்றது. பின்னர் மண் காய்கின்றது, புல்லும் கருகுகின்றது. தீனி இல்லாமையால் மாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. பசித்த கட்டாக்காலிகள் அயலவன் பயிரை மேய்கின்றன. ஒருவனது வறுமை மற்றவனது வறுமைக்கு வித்தாகின்றது.

அப்பகுதியிலுள்ள ஜான்சி நகரில், 1962 ஆம் ஆண்டில், இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பழமரங்களின் இடையே தீனிப்பயிர் வளர்க்கும் முறையும் அங்கு ஆராயப்படுகின்றது. நெல்லி மரங்களைப் பத்து மீற்றர் இடைவெளியில் நாட்டினால், ஒரு ஹெக்டயரில் நூறு மரங்களே நிற்கும். அவை கிளைத்துப் படரும்வரை இடைநிலம் பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடக்கும். அங்கே கொழுக்கட்டைப் புல்லையும், முயல் மசால் என்னும் அவரையினப் பயிரையும் முதல் மழையுடன் விதைக்கலாம். முயல் மசாலின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் உணவாக மாற்றுகின்றன. புல்லும் பசளையும் ஒரே நிலத்திற் கிடைக்கின்றன.

மரத்துக்குரிய நீரைப் புல் பருகிவிடாதோ என நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆதலின் மரத்தடியைச் சுற்றி வட்டமாக நிலத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். மரம் இளமையாயிருக்கும்வரை மாட்டை உள்ளே விடாது, புல்லை அறுத்தே கொட்டிலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மிகுந்ததை உலர்த்திச் சேமித்தால் கோடைக்கு உதவும். மரநிழல் பெருகப் பெருகப் புல் குறையும். அக்காலத்திற் கிளைகளைக் கவாத்துச் செய்தல் நன்று. இலந்தையைக் கவாத்துச் செய்தால் அதன் தழையும் ஆட்டுக்கு விருப்பமான உணவாகும்.

எமது உலர் வலயத்திலும் வானத்தை நம்பிய மாந்தோட்டங்கள் உள. ஆயின் இங்கே பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆதலின் விதைப்பு ஆனியில் அன்று, ஐப்பசியில் அமைதல் வேண்டும். பிறநாட்டு முறையைக் கற்கலாம். அதன் நாட்காட்டியைக் கடன்வாங்கலாகாது.

மரம் கனி தரப் பல்லாண்டு செல்லும். அதுவரை இடைநிலத்துப் புல் பசுவுக்கு உணவாகின்றது. பசு குழந்தைக்குப் பாலும் மரத்துக்கு எருவும் தருகின்றது. காத்திருக்கும் காலமும் பயன் தருமாயின், சிறு கமக்காரனும் துணிந்து மரம் நாட்டுவான்.