சொன்னவர் சொல்லும் எழுதியவர் எழுத்தும்: பெண்ணிய ஆய்வில் அறச்சிக்கல்கள்

குடும்பத்தையும் உழைப்பையும் பற்றிய ஆய்வில், தரவு என்பது பெரும்பாலும் ஒரு பெண் தம் வீட்டில் அமர்ந்து மற்றொரு பெண்ணிடம் பேசும் பேச்சே ஆகும். சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் இல்லாத உழைப்பை வேறெவ்வாறு அறிவது? ஆகவே, அப்பேச்சை எவ்வாறு பெறுகிறோம், பெற்றபின் அதை என்ன செய்கிறோம் என்னும் இரு வினாக்களும் இத்துறையில் அற வினாக்களாகின்றன.

இங்கிலாந்தின் ஆன் ஓக்லி முதல் வினாவை வெளிப்படையாக எழுப்பினார். இலண்டன் இல்லத்தரசியர் 40 பேரை நேர்கண்டு, வீட்டுவேலையும் வேலையே என்று 1974இல் நூல் எழுதியவர் அவர். பின்னர், முதன்முறை தாயாகும் பெண்களை மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் பலமுறை சந்தித்தார். ஆய்வாளர் கேட்கவேண்டும், விடையளிக்கக் கூடாது என்பது அக்காலப் பாடநூல் விதி. அப்பெண்களோ அவரிடம் 878 கேள்விகள் கேட்டனர். அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தகவல் வேண்டிக் கேட்டவை. அச்சத்தோடு கேட்பவரிடம் வாய்மூடி இருப்பது நடுநிலைமை ஆகாது என்று கருதிய ஓக்லி, தாம் அறிந்ததைச் சொன்னார். 1981இல் அதனைக் கட்டுரையாகவும் எழுதினார்.

நட்பினால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. திருச்சபைக் குருமாரின் மனைவியரை ஆய்ந்த ஜேனட் ஃபிஞ்ச், தாமும் ஒரு குருவின் மனைவி என்பதை அறிந்ததும் அவர்கள் தயக்கம் நீங்கிப் பேசியதைக் கண்டார். மனம்விட்டுப் பேச ஆளில்லாத தனிமையும் அதற்கு ஒரு காரணம். இவ்வளவு எளிதில் கிடைக்கும் நம்பிக்கையைத் தம்மைப் போன்றோர் தவறாகவும் பயன்படுத்தக்கூடும் என்று அவர் 1984இல் எழுதினார். ஒப்புதல் படிவத்தில் இடும் கையொப்பம் இதற்குக் காப்பாகாது. பெயரை மாற்றி அச்சிட்டாலும், ஊரார்க்குப் புலப்படாத ஒரு வரியைக் கணவர் கண்டவுடன் அறிந்துகொள்வார்.

இரண்டாம் வினாவே மொழியியல் கற்ற என்னை மிகுதியும் உறுத்துவது. சிக்காகோ பகுதியில் 30 குடும்பங்களின் உணவுப் பணியை ஆய்ந்த மார்ஜரி டிவால்ட், பெண்கள் சொல் கிடைக்காமல் தடுமாறி, ‘உங்களுக்குத் தெரியுமே’ என்பதுபோல் முடித்த இடங்களைக் கூர்ந்து நோக்கினார். வழக்கமாக எழுத்தாக்கத்தின்போது நீக்கப்படும் பகுதிகள் அவை. யாருக்கு எது பிடிக்காது, எது தீர்ந்துபோயிற்று, இன்று யார் தாமதமாக வருவார் என்று ஓயாது எண்ணிக்கொண்டிருக்கும் உழைப்புக்கு மொழியில் தக்க பெயரில்லை. அப்பெயரின்மையே தடுமாற்றமாக வெளிப்படுகிறது என்பது அவர் விளக்கம்.

தமிழில் அவ்விடத்தை நிரப்ப ‘சும்மா’ வந்துவிடுகிறது. மலேசிய ரப்பர் தோட்டத்து மூதாட்டியரின் பேச்சுவழக்கை ஒலிப்பதிவு செய்துவந்த காலத்தில், ஒருவர் தம் அன்றாடத்தைச் சொன்னார். விடியுமுன் சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டித் திரும்பிய கதை. வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “சும்மாதான் இருப்பேன்... துணி, வெறகு, தண்ணி... அதான் ஒனக்குத் தெரியாதாம்மா?” என்றார். எனக்குத் தெரியும், நானும் பெண்தானே என்று அவர் நம்பினார். என் கவனமோ ‘விறகு’ ‘வெறகு’ ஆனதில் இருந்தது. அச்சொல்லை ஒலியன் பட்டியலில் சேர்த்துவிட்டு, உரைப்பகுதியில் ‘சும்மாதான் இருப்பேன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தங்களும் அரைச்சொற்களும் அன்று எங்களுக்குக் குப்பை.

பல ஆண்டுகளுக்குப் பின், தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய ஒரு மாணவி என் பிரதியை எடுத்தாண்டு, பெண்களுக்குப் பிற்பகல் ஓய்வு இருந்தது என்று எழுதியிருந்தார். பிழை அவருடையது அன்று. ஒலிநாடாவைத் தேடி எடுத்தபோது அது பூஞ்சை பிடித்துக் கெட்டிருந்தது. மூதாட்டியும் மறைந்துவிட்டார். எழுதியதை அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் அவரே திருத்தியிருப்பார். அவ்வழக்கம் அன்று எங்கள் களப்பணியில் இல்லை.