ஊரடங்கும் நோயாளியின் கணக்கும்

2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. இடையே இருந்த காலம் நான்கு மணி நேரம். அந்த இரவில் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் அரிசியையும் பாலையும் பற்றிய கவலை எழுந்தது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய ஒருவர் இருந்த வீட்டில் எழுந்த கேள்வி வேறு: பேருந்து ஓடாத நாளில் மருத்துவமனைக்குச் செல்வது எப்படி?

பெருந்தொற்றை அரசுகள் கையாண்ட முறை குறித்தும், அதனால் நேர்ந்த பொருளாதார இழப்பு குறித்தும் நடந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் தேநீர்க் கடைகளிலும் அது பேசப்பட்டது. அவ்விவாதத்தில் யார் வென்றார் என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. அந்த விவாதத்தில் நோயாளியின் இடம் எது என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இரு தரப்பு வாதங்கள்

அரசின் தரப்பில் கூறப்பட்டது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. நோய் புதிது, தடுப்பூசி இல்லை, உறுதியான மருந்தும் இல்லை. 2020 ஜனவரியில் இத்தொற்றைக் கண்டறியும் ஆய்வகமாக நம் நாட்டில் புனேவின் தேசியத் தீநுண்மியியல் நிறுவனம் ஒன்றே இருந்தது. ஜூன் மாத இறுதிக்குள் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது. படுக்கைகள், பாதுகாப்பு உடைகள், செயற்கைச் சுவாசக் கருவிகள் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கான காலத்தை ஊரடங்கு பெற்றுத் தந்தது என்பது அரசின் விளக்கம். 2021 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டன என்று மதிப்பிட்டது.

மாற்றுத் தரப்பினர், வாங்கிய காலத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று வினவினர். வேலையும் தங்குமிடமும் இழந்த தொழிலாளர்கள், குழந்தைகளைத் தோளில் சுமந்தவாறு நெடுஞ்சாலைகளில் நடந்தனர். சொந்த மாநிலங்களுக்குத் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். வழியில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி 23.9 விழுக்காடு சுருங்கியது.

நிவாரணம் குறித்தும் இதே கருத்து வேறுபாடு நிலவியது. மார்ச் 26 அன்று 1.70 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றி வழங்கப்பட்டது. மகளிரின் ஜன் தன் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு 500 ரூபாய் வீதம் செலுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் உணவுப் பொருள்களும் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிடைத்தன. இது போதாது என்றனர் பொருளியல் அறிஞர்கள் பலர். இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் ஏழு கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் இருக்கையில், அட்டை இல்லாதவர்களுக்கும் அதனைத் திறந்துவிட வேண்டும் என்று அமர்த்தியா சென், ரகுராம் ராஜன், அபிஜித் பானர்ஜி ஆகியோர் கூட்டாக எழுதினர். மே மாதம் அறிவிக்கப்பட்ட 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தில் கடனும் கடன் உத்தரவாதமுமே மிகுதி, கையில் சேரும் பணம் குறைவு என்பது அடுத்த குறை. வரி வருவாய் வீழ்ந்த நிலையில் கையிருப்பை ஒரேயடியாகச் செலவிட இயலாது என்பது அரசின் மறுமொழி.

உலக அளவிலும் அறிவியலாளர்கள் இரு அணிகளாயினர். முதியோரையும் நோயுற்றோரையும் மட்டும் பாதுகாத்துக்கொண்டு ஏனையோரை இயல்பு வாழ்வுக்கு விட வேண்டும் என்று 2020 அக்டோபரில் கிரேட் பாரிங்டன் பிரகடனம் கூறியது. அதே மாதத்தில் ஜான் ஸ்னோ அறிக்கை அதனை மறுத்தது. நம் வீடுகளை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிக்கல் எளிதில் விளங்கும். ஒரே அறையில் பாட்டியும் பேரனும் உறங்கும் வீட்டில், பேரனை வெளியே அனுப்பிவிட்டுப் பாட்டியை மட்டும் பாதுகாப்பது எவ்வாறு?

கோயம்பேடு தரும் பாடம்

ஊரடங்கு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியே பெரிதும் பேசப்பட்டது. அதை எவ்வாறு நடத்துவது என்ற கேள்வியும் அதே அளவு கனமானது. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு இரு நாள்களுக்கு முன்னர் வெளியானது. மறுநாள் காய்கறிச் சந்தைகளில் மக்கள் அலைமோதினர். சில நாள்களில் கோயம்பேடு சந்தை பெரும் தொற்று மையமாக அறியப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் தொற்று பெருகியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. அந்த ஒரு நாள் கூட்டமே அனைத்துக்கும் காரணம் என்று கூறிவிட இயலாது. எனினும், கூட்டத்தைத் தடுக்க இடப்பட்ட ஆணையே ஒரு கூட்டத்தைக் கூட்டியது என்பதை மறுப்பதற்கில்லை.

எப்பக்கத்திலும் எழுதப்படாத செலவு

விவாதம் ஒரு தராசைப் போல நடந்தது. ஒரு தட்டில் தொற்றால் இறப்போர். மறு தட்டில் வேலையும் வருமானமும். ஆனால் தொற்று இல்லாத, ஏற்கெனவே வேறு நோயுடன் வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் எந்தத் தட்டில் வைக்கப்பட்டார்? உண்மையில் இரண்டிலும் இல்லை.

இந்தியாவின் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் பெற்றுவந்தோரைப் பற்றிய ஆய்வு ஒன்று, ஊரடங்கின் தொடக்கக் காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் ஒரு முறையேனும் சிகிச்சையைத் தவறவிட்டனர் என்று கண்டது. நாடெங்கும் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரையிலான காலத்தை முந்தைய ஆண்டின் அதே மாதங்களுடன் ஒப்பிட்டபோது, புதிய நோயாளிகளின் பதிவு 54 விழுக்காடும் பெரிய அறுவை சிகிச்சைகள் 49 விழுக்காடும் குறைந்திருந்தன. 2019இல் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் பதிவு செய்யப்பட்டனர். 2020இல் அந்த எண்ணிக்கை 18 லட்சமாகக் குறைந்தது. புற்றுநோயும் காசநோயும் அவ்வாண்டில் திடீரெனக் குறைந்துவிடவில்லை. நோய் இருந்தது; நோயாளி மருத்துவரிடம் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? மருத்துவத் தேவைக்கான பயணத்தை ஆணை தடுக்கவில்லை. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை தொடர வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஆயினும் அனுமதி வேறு, இயலுதல் வேறு. பேருந்தும் ரயிலும் இல்லை. வாடகைக் கார் அமர்த்தக் கூலி வருமானம் இல்லை. மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். இவற்றையெல்லாம் கடந்தாலும், மருத்துவமனைக்குச் சென்றால் தொற்று வந்துவிடும் என்ற அச்சம் காலைக் கட்டியது. பல மருத்துவமனைகள் தொற்றுச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டதால், வழக்கமாகச் சென்ற கதவும் மூடியிருந்தது.

உயிரையும் வாழ்வாதாரத்தையும் தராசின் இரு தட்டுகளாகப் பிரித்தது எவ்வளவு பொருந்தாதது என்பது இங்குதான் தெளிவாகிறது. கூலி இழந்தவரால் வாகனம் அமர்த்த முடியவில்லை. வாகனம் இல்லாததால் சிகிச்சை தவறியது. சிகிச்சை தவறியதால் நோய் முற்றியது. முற்றிய நோய்க்கு நகையை அடகு வைத்துச் செலவழிக்க நேர்ந்தது. ஒரு குடும்பத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் இவை தனித்தனிப் பக்கங்கள் அல்ல. ஒரே வரியில் தொடர்ந்து எழுதப்படும் கணக்கு அது.

இதில் நமது மருத்துவமனையின் பங்கையும் ஒளிக்காமல் கூற வேண்டும். அவசரமற்றவை என்று கருதப்பட்ட அறுவை சிகிச்சைகளை நாமும் தள்ளிவைத்தோம். அன்றைய சூழலில் அது தவிர்க்க முடியாததாகத் தோன்றியது. ஆனால் தள்ளிவைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் உடனே தொலைபேசியில் அழைத்து, எப்போது வரலாம், எந்த அறிகுறி தென்பட்டால் காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பணியை நாம் தாமதமாகவே தொடங்கினோம். சிலர் திரும்பி வந்தபோது நோய் ஒரு படி முன்னேறியிருந்தது.

எண்ணிக்கை ஏன் முக்கியம்?

இறந்தோர் எண்ணிக்கை குறித்த சர்ச்சையை வெறும் அரசியலாகக் கருதுவோர் உண்டு. 2021 இறுதி வரை இந்தியாவின் அதிகாரபூர்வ எண்ணிக்கை ஏறத்தாழ 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனமோ, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகள் 47 லட்சம் என்று 2022 மே மாதம் மதிப்பிட்டது. அந்தக் கணக்கீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. இரண்டாவது எண், தொற்றால் நேரடியாக இறந்தோரை மட்டும் குறிப்பதன்று. சிகிச்சை கிடைக்காமல் வேறு நோய்களால் இறந்தோரையும் உள்ளடக்க முயல்வது. ஆகவே இரண்டும் ஒரே பொருளை அளப்பவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

குடும்பங்களுக்கோ இது கையில் பிடித்த தாளின் சிக்கலாக இருந்தது. தொற்றால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று 2021இல் முடிவானபோது, இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் பலருக்குத் தடையாயிற்று. சான்றிதழில் தொற்றின் பெயர் இல்லை என்பதை மட்டும் காட்டி நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சரியாகக் குறிக்கப்படாத மரணம், குடும்பத்துக்கு இரண்டாவது இழப்பாக மாறக்கூடும்.

கற்றவையும் கேட்க வேண்டியவையும்

அக்காலம் சில நல்ல வழிகளையும் திறந்துவிட்டது. தொலைநிலை மருத்துவ ஆலோசனைக்கான தேசிய நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாயிலுக்கே கொண்டு வந்தது. நோயாளியால் வர இயலாத நாளில் மருத்துவம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதே பெருந்தொற்று கற்பித்த முதன்மையான பாடம்.

இன்னொரு பெருந்தொற்று வருமாயின், கதவை அடைப்பதா வேண்டாமா என்ற விவாதம் மீண்டும் எழும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. அடைப்பதற்கு முன் நோயாளிகளுக்கென வாகனம் ஏற்பாடாகிவிட்டதா? தொற்றுச் சிகிச்சைக்கு ஒதுக்கப்படும் மருத்துவமனைக்கு மாற்றாக வேறு மருத்துவமனை அறிவிக்கப்பட்டதா? கூலி இழப்போருக்கு எவ்வளவு பணம், எந்த நாளில் கையில் சேரும்? தவறிய சிகிச்சைகளை எண்ணுவது யார்? இக்கேள்விகளுக்கு விடை இருந்தால் ஊரடங்கின் விலை குறையும். விடை இல்லையெனில், அந்த விலையை எளியோரும் நோயுற்றோரும் செலுத்துவர்.

இல்லத்தில் ஆயத்தமாக வைக்க வேண்டியவை

அரசும் மருத்துவமனையும் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, வெள்ளம், புயல், பெருந்தொற்று எதுவாயினும் குடும்பத்துக்கு உதவக்கூடிய சில ஏற்பாடுகள் உண்டு.

• நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவச் சுருக்கத்துடன் வைத்திருங்கள். அதன் படம் வீட்டில் இருவரது கைப்பேசியிலாவது இருக்கட்டும்.

• நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து தீர்வதற்குச் சில நாள்கள் முன்னரே வாங்கிவிடுங்கள். எவ்வளவு கூடுதலாக வைத்திருக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

• டயாலிசிஸ் அல்லது கீமோதெரபி பெறுவோர், வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டாவது மையம் எது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முறை தாமதமானால் நீர், உப்பு, பழங்கள் ஆகியவற்றில் எதனை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

• காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்கள் ஒரே உறையில் இருக்கட்டும்.

• அச்சத்தால் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். வர இயலாவிடில் முதலில் தொலைபேசியில் எங்களை அழையுங்கள்; அவசரமெனில் 108ஐ அழையுங்கள்.

அன்று டயாலிசிஸுக்கு எப்படிச் செல்வது என்று தவித்த குடும்பங்களுக்கு, உரிய நேரத்தில் விடை கூற வேண்டிய கடமை நமக்கு இருந்தது. வரும் நாள்களில் அந்தக் கேள்வியை நீங்கள் எங்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, ‘இங்கு வர முடியாமல் போனால் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று உங்கள் மருத்துவரை வினவுங்கள். விடையை எழுதித் தருவது எங்கள் பொறுப்பு.