கை முழுக்கப் பலாப்பால்... போன் அடிச்சா என்ன பண்ணுவீங்க?

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போற ரோட்டுல காடாம்புலியூரைத் தாண்டியிருக்கீங்களா? சீசன்ல ரோட்டோரம் பலாப்பழம் குவிஞ்சு கிடக்கும். ஊருக்குள்ள முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. ரெண்டுமே கையைப் பதம் பார்க்குற வேலைதான். பலா அறுத்தா பால் பிசின் மாதிரி ஒட்டும். முந்திரி உடைச்சா, ஓட்டுல இருக்குற எண்ணெய் தோலையே அரிச்சு எடுத்துடும். கரெக்டா அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். விரல் முட்டியால தள்ளி, முடியலைனா மூக்கு நுனியால தேய்ச்சு ஸ்பீக்கர்ல போடுவோம். நீங்களும் பண்ணியிருப்பீங்க, வெட்கப்படாதீங்க.

போனைத் தொடாம, சும்மா கையை ஆட்டினா வேலை நடக்காதா? இந்த யோசனை ரொம்ப நாளா இருக்கு. 2009 நவம்பர்ல மைசூருவில் நடந்த டெட் இந்தியா மேடையில குஜராத்தைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி இதைச் செஞ்சே காட்டினார். உடம்புல மாட்டிய ஒரு கேமரா, குட்டி புரொஜெக்டர், விரல்நுனியில கலர் மார்க்கர்... அவ்வளவுதான். ரெண்டு கை விரலாலயும் ஃப்ரேம் மாதிரி காட்டினா போட்டோ விழும். 2013-ல சாம்சங் கேலக்ஸி எஸ்4 போன்லயே கையசைவு வசதி வந்துச்சு. எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினாங்கன்னு கேட்காதீங்க!

அடுத்து கூகுள் களத்துல இறங்கிச்சு. 2019-ல வந்த பிக்ஸல் 4 போனுக்குள்ள ‘சோலி’ங்கிற குட்டி ரேடார் சிப். ஏர்போர்ட்டுல விமானத்தைக் கண்டுபிடிக்கிற அதே டெக்னிக்தான். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பி, உங்க கையில பட்டுத் திரும்புறதை வெச்சு அசைவைக் கணிக்கும். அலையோட நீளமே 5 மில்லிமீட்டர்தான்ங்கிறதால சின்ன அசைவுகூட தப்பாது. கையை வீசினா பாட்டு மாறும், அலாரம் அடங்கும்.

ஆனா அந்த போனை நம்ம ஊர் கடையில பார்த்திருக்க மாட்டீங்க. 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி கிடைக்கலை. அதனால போனையே இந்தியாவுல விக்கலை. அடுத்த வருஷம் வந்த பிக்ஸல் 5-லயோ அந்த சிப்பே காணோம்.

ஏன் திரும்பத் திரும்ப இப்படி ஆகுது? கையைக் கண்டுபிடிக்கிறது இப்போ பெரிய விஷயமில்ல. நீங்க உண்மையிலேயே போன்கிட்டதான் பேசுறீங்களா, இல்ல கொசு விரட்டுறீங்களாங்கிறதுதான் அதுக்குப் புரியலை. பஸ்மாசுரன் கதை தெரியும்ல? எந்தத் தலையில கை வெச்சாலும் சாம்பல்னு வரம் வாங்கிட்டு, மோகினியோட டான்ஸ் ஆடுற ஜோர்ல தன் தலையிலேயே கை வெச்சுக்கிட்டான். ஜெஸ்சர் டெக்னாலஜியோட சிக்கலும் அதேதான். யோசிச்சுப் பாருங்க, செல்ஃபிக்கு உள்ளங்கையைக் காட்டுற வசதி மட்டும் ஏன் நிலைச்சு நின்னுச்சு? கேமராவைத் திறந்து வெச்சுட்டு உள்ளங்கையைக் காட்டினா, அதுக்கு வேற அர்த்தமே இல்லை!

இன்னொரு குறையும் இருக்கு. காத்துல இருக்குற பட்டனை அழுத்தினா விரலுக்கு ஒண்ணும் தெரியாது. அழுத்தினோமா இல்லையான்னு சந்தேகம் வரும். பிரிட்டன்ல ஸ்ரீராம் சுப்ரமணியனும் அவர் குழுவும் இதுக்கு ஒலியைப் பிடிச்சாங்க. நம்ம காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்டைப் பல குட்டி ஸ்பீக்கர்கள்லேர்ந்து ஒரே புள்ளியில குவிச்சா, வெறும் காத்துல விரலுக்கு லேசா அழுத்தம் தெரியும். அதே டெக்னிக்கை வெச்சு 2019-ல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல காத்துல படமே வரைஞ்சாங்க. மேலேயும் கீழேயுமா 512 ஸ்பீக்கர்கள், நடுவுல 2 மில்லிமீட்டர் தெர்மாகோல் உருண்டை. ஒலி அதைத் தாங்கிப் பிடிச்சு வேகமா சுழட்டும், மேல கலர் லைட் விழும். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைச் சுத்தினா வட்டம் தெரியுமே, அதேதான். கண்ணாடி போடாம எந்தப் பக்கத்துலேர்ந்தும் பார்க்கலாம். படம் உள்ளங்கை அளவுதான்.

இதெல்லாம் உங்க போனுக்கு வர்ற வரைக்கும் கையில இருக்குறதைப் பயன்படுத்துங்க. ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல ‘ஸ்விட்ச் அக்சஸ்’ போனா, புருவம் தூக்கினா, வாய் திறந்தா போன் கேட்குற மாதிரி வெச்சுக்கலாம். கை அசைக்க முடியாதவங்களுக்காக வந்த வசதி. பலா அறுக்கிறவங்களும் முயற்சி பண்ணலாம்.

முந்திரி உடைக்கிறவங்களுக்குக் கதையே வேற. போன் கால் போனா திரும்பக் கூப்பிட்டுக்கலாம். வருஷக்கணக்கா கை வேலை பார்த்து ரேகை தேய்ஞ்சவங்க, ரேஷன் கடை மெஷின்ல விரலைத் துடைச்சுத் துடைச்சு வெச்சாலும் சில நேரம் பதியாது. அதுக்குத்தான் கருவிழி ஸ்கேனர் வருது. போன் கேமராவாலேயே, விரல் எதையும் தொடாம ரேகை எடுக்குற டெக்னாலஜிக்காக ஆதார் ஆணையமும் ஐ.ஐ.டி பாம்பேவும் கைகோத்திருக்காங்க. தயாரானதும் முதல் டெஸ்ட்டை காடாம்புலியூர்ல, முந்திரி உடைச்சு முடிச்ச ஒரு சாயங்காலத்துல வெச்சுப் பார்க்கட்டும்.