மேகமலையில் எங்கே ஓடலாம்?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு சின்னமனூரில் நான் ஓடத் தொடங்கியபோது, விடியற்காலைச் சாலையில் எனக்குத் துணையாக இருந்தவர்கள் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருந்த இளைஞர்கள் மட்டுமே. இன்று ஆசிரியர்கள், வணிகர்கள், வங்கி ஊழியர்கள், விடுப்பில் ஊர் திரும்பும் மென்பொருள் பொறியாளர்கள் எனப் பலரும் ஓடுகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால், சமவெளியில் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவரின் பார்வை, அடுத்ததாகக் கிழக்கே எழுந்து நிற்கும் மேகமலையின் மீதுதான் விழுகிறது. ‘அங்கே ஓடினால் என்ன?’ என்று புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்; ஓடியும் பார்த்தவன்.

ஒருமுறை மலைமேல், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து என்னை மறித்தார். “தம்பி, நில்லுங்க. வளைவுக்கு அங்கிட்டு யானை நிக்குது. நீங்க பாட்டுக்கு ஓடி வந்தா அதுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது” என்றார். முக்கால் மணி நேரம் அவரோடு நின்றேன். குட்டியோடு இருந்த யானை சாலையைக் கடந்து சோலைக்குள் போனது. அன்று என்னைக் காப்பாற்றியது என் உடல்தகுதி அல்ல. அந்த அம்மாவின் ஊர் அறிவு.

வேகம் செய்யும் வேலை

‘நடக்க அனுமதி உண்டென்றால் ஓடுவதில் என்ன தவறு?’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன ஒற்றை வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவர் நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் கடக்கிறார். வளைவுக்கு அப்பால் இருபது மீட்டர் தொலைவில் ஒரு விலங்கு நின்றால், அதை எட்ட அவருக்கு ஏழு நொடி போதும். நடப்பவருக்கு அதைவிட இரண்டு மடங்கு நேரம் இருக்கிறது. விலங்குக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கிறது. கூட்டமாகப் பேசிக்கொண்டு நடப்பவர்களின் வரவை யானையும் காட்டுமாடும் முன்பே அறிந்து விலகிவிடும். தனியாக, மெத்தென்ற காலணியோடு, காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு ஓடி வருபவரை அவை கடைசி நொடியில்தான் உணர்கின்றன. திடுக்கிட்ட விலங்கு ஓடலாம், தாக்கவும் செய்யலாம். நெருக்கத்தில் திடீரென்று மனிதரைக் கண்டால் தாக்குவது கரடியின் இயல்பு. யானையோ பெரும்பாலான ஓட்டக்காரர்களைவிட வேகமாக விரையக்கூடியது.

நேரமும் இங்கே எதிராக நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலுக்கு அஞ்சி நாம் ஓடுவது விடியலிலும் அந்தியிலும். விலங்குகள் மேயவும் தண்ணீருக்குச் செல்லவும் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதுவே.

கடலோரச் சரணாலயத்தில் நிலைமை வேறு. கோடியக்கரையின் திறந்த வெளியில் ஓடுபவரை வெளிமானும் பூநாரையும் தொலைவிலேயே கண்டுவிடுகின்றன. அங்கே மனிதருக்கு ஆபத்து குறைவு, இழப்பு பறவைகளுக்கே. ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும், வலசைப் பயணத்துக்காகச் சேர்த்துவைத்த ஆற்றலை அவை செலவிடுகின்றன. மேகமலை போன்ற மலைக்காட்டில் இரு தரப்புக்குமே ஆபத்து.

‘வாகனங்கள் போகவில்லையா?’

‘பேருந்தும் ஜீப்பும் நாள் முழுக்கப் போய்வரும் சாலையில், புகையும் இரைச்சலும் இல்லாமல் ஓடும் ஒருவரால் என்ன கெடுதல்?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், மனிதர்களின் பொழுதுபோக்கு காட்டுயிர்களை எப்படிப் பாதிக்கிறது என்பது குறித்து உலகெங்கும் நடந்த 274 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, நம் எண்ணத்துக்கு மாறான ஒன்றைச் சொன்னது. எதிர்மறை விளைவுக்கான சான்றுகள் வாகனப் பொழுதுபோக்குகளைவிட, நடை, ஓட்டம் போன்ற இயந்திரமில்லாப் பொழுதுபோக்குகளில்தான் அதிகமாகக் காணப்பட்டன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. வாகனம் தார்ச்சாலையை விட்டு விலகாது. எங்கே வரும், எங்கே போகும் என்பது விலங்குகளுக்குப் பழகிவிடுகிறது. காலால் வரும் மனிதர் எந்தப் புதருக்குள்ளிருந்தும் வரக்கூடியவர்.

2018இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஆறு கண்டங்களைச் சேர்ந்த 62 பாலூட்டி இனங்களைப் பற்றியது. மனிதர்கள் நடமாடும் இடங்களில் அவற்றின் இரவு நேரச் செயல்பாடு சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. வேட்டையாட வந்தவர்களுக்கும் வெறுமனே நடந்துபோக வந்தவர்களுக்கும் விலங்குகள் காட்டிய எதிர்வினையில் பெரிய வேறுபாடு இல்லை. நாம் எதையும் தொடாமல் போனாலும், அவற்றின் பகலை எடுத்துக்கொள்கிறோம் என்பதே இதன் பொருள்.

கைபேசி வரையும் பாதை

முன்பெல்லாம் காட்டுப் பாதை என்பது அங்கே வாழ்ந்தவர்களின் கால்களால் உருவானது. இன்று கைபேசிச் செயலி அதை ஒரே நாளில் உருவாக்கிவிடுகிறது. ஒருவர் ஓடிய தடம் வரைபடத்தில் வண்ணக் கோடாகப் பதிவாகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் வருகிறார். பத்துப் பேர் ஓடிய பிறகு அது ‘பிரபலமான பாதை’ ஆகிவிடுகிறது. அந்தக் கோடு யானை வழியைக் குறுக்கே வெட்டுகிறதா, அனுமதி உள்ள இடமா, தீப்பிடித்தால் தப்பிக்க வழி உண்டா என்பதையெல்லாம் செயலி அறியாது.

இதன் விலை என்ன என்பதைத் தேனி மாவட்டம் அறியும். 2018 மார்ச் 11 அன்று, பள்ளத்தாக்கின் வடமேற்கே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்ற குழுக்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி அறிவித்தது. முன்பதிவு, வழிகாட்டி, தீக்காலத்தில் பாதைகளை மூடுவது என்று அவற்றுக்கு ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. அந்த ஒழுங்கில் நடப்பவர் இருக்கிறார், ஓடுபவர் இல்லை. வழிகாட்டியின் பின்னால் யாரும் ஓட முடியாது.

மலை ஓட்டத்தின் ஆபத்து விலங்குகளோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீர்க் குளிராலும் காற்றாலும் 21 ஓட்டக்காரர்கள் இறந்தனர். மேகமலையிலும் வெயில் மறைந்து மூடுபனி இறங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. அங்கே குடியிருக்க அனுமதி பெற்றவர்கள், நிலத்தில் உரிமை உள்ளவர்கள், பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள், பொதுச்சாலை வழியே கடந்துசெல்பவர்கள் ஆகியோர் தவிர மற்றவர்கள் அனுமதி பெற வேண்டும். அனுமதி வழங்கக்கூடிய காரணங்களில் ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா போன்றவை உள்ளன. ஆக, தார்ச்சாலையில் ஓடுபவர் ‘கடந்துசெல்பவர்’ என்று வாதிடலாம். சாலையை விட்டு ஓரடி விலகினாலும் அந்த வாதம் நிற்காது.

மேகமலை இன்று வெறும் சரணாலயமும் அல்ல. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்தோடு இணைத்து, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான இந்தக் காப்பகத்தின் மலைகளில்தான் வைகை பிறக்கிறது.

சட்டத்தைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தேனி மாவட்டக் காடுகள் தொடர்பான வழக்கில் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மலைமாடுகளை ஓட்டிச்சென்றவர்கள் இன்று காப்பகத்தின் எல்லையில் நிறுத்தப்படுகிறார்கள். அந்தத் தடை முழுக்கச் சரியா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. ஆனால், பிழைப்புக்காகப் போனவர்களை மறித்துவிட்டு, பொழுதுபோக்குக்காகப் போகும் என்னை உள்ளே விடுவது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது.

எங்கே கோடு போடுவது?

கர்நாடகத்தின் மலைநாட்டில் காபித் தோட்டங்களின் ஊடே நெடுந்தொலைவு ஓட்டப் போட்டிகள் நடக்கின்றன. ‘நம் தேயிலைத் தோட்டங்களில் நடத்தினால் என்ன?’ என்ற யோசனை இங்கும் எழுகிறது. மேகமலையின் தோட்டங்களை மூன்று பக்கமும் காப்பகக் காடு சூழ்ந்திருக்கிறது. தோட்டச் சாலைகள் யானைகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போகும் வழிகளும்கூட. 2023இல் அரிக்கொம்பன் யானை கேரளத்தில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட சில நாள்களிலேயே மேகமலையில் நடமாடத் தொடங்கியதும், மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் இறங்கியதும் நமக்கு நினைவிருக்கும். அந்த நாள்களில் மலைக்குச் சுற்றுலாப் பயணிகள் அனுமதிக்கப்படவில்லை. யானைக்கு நாம் வரையும் எல்லை தெரியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எனவே, என் யோசனை எளிமையானது. அடிவாரச் சோதனைச் சாவடிக்குக் கீழே ஓட்டம். அதற்கு மேலே நடை மட்டும், அதுவும் அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில். காப்பகத்துக்குள் போட்டி எதுவும் கூடாது. உள்ளே பதிவான தடங்களை ஓட்டக்காரர்கள் தங்கள் கைபேசியிலிருந்து நீக்க வேண்டும். குறைந்தபட்சம் பிறர் பார்க்க முடியாதபடி மறைக்க வேண்டும்.

தடை மட்டும் போதாது, மாற்றும் வேண்டும். முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் பள்ளத்தாக்கில் ஓடுவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பதினெட்டாம் கால்வாயின் கரை, உத்தமபாளையம் சுற்றுவட்டாரத்து வயல்வெளிச் சாலைகள், கூடலூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களின் இடைவழிகள் என எத்தனையோ தடங்கள் உண்டு. மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சிகளும் அவற்றில் மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, தொலைவுக் கற்களும் குடிநீரும் விளக்குகளும் அமைத்துக் கொடுத்தால் மலையேறி ஓடும் ஆசை பாதி குறைந்துவிடும். வால்பாறையில் யானைகளின் நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாகப் பலன் தருகிறது. அதை மேகமலைக்கும் அடிவார ஊர்களுக்கும் கொண்டுவந்தால் முதலில் பயன்பெறுபவர்கள் அன்றாடம் அந்தச் சாலையில் வேலைக்கு நடக்கும் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பிறகே நாம்.

அந்தக் காலைக்குப் பிறகு மலையில் நான் ஓடவில்லை. மாதம் ஒருமுறை பேருந்தில் மேலே போகிறேன், நடக்கிறேன், மாலைப் பேருந்தில் இறங்கிவிடுகிறேன். ஓடிய நாள்களில் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத இருவாச்சியை, நின்று நடந்த நாள்களில் மூன்று முறை பார்த்துவிட்டேன். ஓட்டத்துக்குக் கீழே கால்வாய்க் கரை இருக்கிறது. அங்கே விடிகாலையில் மேற்கே திரும்பினாலும் மலை, கிழக்கே திரும்பினாலும் மலை. ஓட்டக்காரருக்கு அது போதும்.