கேம்பர்வேனில் கே.ஜி.எஃப்.: பங்களா பார்க்கப் போகிறவர்கள் 'லைன்' வீட்டையும் ஏன் பார்க்க வேண்டும்?

லாங் வீக்கெண்ட் வருகிறது. குழந்தைகள், அப்பா, அம்மா எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று ஆசை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் இப்போது பெங்களூருவில் வாடகைக்கே கிடைக்கிறது. கேரள அரசு 2021-இல் இதற்கென்று தனிச் சுற்றுலாக் கொள்கையே கொண்டுவந்தது. உங்கள் ரூட் மேப்பில் கோலார் தங்கவயல் இருந்தால், சாவியைத் திருகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி ஓட்ட என்ன லைசென்ஸ் வேண்டும்?

உங்களிடம் இருக்கும் கார் லைசென்ஸே பெரும்பாலும் போதும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிகள் இலகுரக வாகனக் கணக்கில்தான் வரும். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய கேம்பர்வேன்கள் இதற்குள் அடங்கிவிடும். வாடகை வண்டி என்றால், மாநில எல்லை தாண்ட பர்மிட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வேனை மெக்கானிக் ஷெட்டில் கொடுத்து நீங்களாகவே 'கேரவன்' ஆக்குவது வேறு கதை. பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்காது.

பெங்களூருவிலிருந்து தூரம் சுமார் 100 கி.மீ. ரோடு பிரச்சினை இல்லை. விஷயமே ஊருக்குள் நுழைந்த பிறகுதான்.

அந்தப் பங்களாக்கள் யாருக்காகக் கட்டப்பட்டவை?

பெங்களூரு லாவெல் ரோட்டில் காபி குடித்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மைக்கேல் லாவெல், அயர்லாந்துக்காரர், முன்னாள் படைவீரர். கோலாரில் தங்கம் தேட 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கியவர் அவர்தான். பெரிய அளவில் சுரங்கம் தோண்டியது, 1880-இல் உள்ளே வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம்.

அதன் பிறகு எழுந்தவைதான் சாம்பியன் ரீஃப்ஸ், ஊரிகாம், மாரிகுப்பம் பக்கம் நீங்கள் பார்க்கப்போகும் பங்களாக்கள். உயர்ந்த கூரை, அகலமான வராந்தா, கணப்பு அடுப்பு, சுற்றிலும் தோட்டம். கிளப் தனி, கோல்ஃப் மைதானம் தனி. 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் சும்மா வரவில்லை.

1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி நீர் மின்சாரம் சுமார் 150 கி.மீ. கம்பியில் ஓடி இங்கே வந்தது. பெங்களூரு நகரத்துக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. ('ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் வந்த ஊர்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். ஜப்பானில் 1880-களிலேயே மின்விளக்கு எரிந்தது.)

சரி, 'லைன்' என்றால் என்ன?

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், பெரும்பான்மையோர் தலித்துகள். மேலே துரைமார் பங்களா, அடுத்த படியில் ஆங்கிலோ இந்திய மேற்பார்வையாளர்களின் நடுத்தர வீடுகள், கடைசியில் தொழிலாளர்களின் 'லைன்'. முதலில் மூங்கில் தட்டிக் குடிசைகள், பிறகு வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். கழிப்பறை பொதுவில். யார் எந்த வேலை செய்தார் என்பதை வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்கள் வேனுக்குள் நாலு பேர் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். ஒருவர் எழுந்தால் மற்றவர் கால் மடக்க வேண்டும். நமக்கு அது ஜாலி, மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவோம். லைனில் இரண்டு மூன்று தலைமுறைகள் அப்படித்தான் படுத்து எழுந்தன. அங்கிருந்து ஷிஃப்டுக்குப் போனவர்கள் இறங்கிய ஆழம் 3 கி.மீ.க்கும் மேல். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. 120 வருடத்தில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை மேலே அனுப்பியவர்களில் பலர் நுரையீரலில் சிலிக்கா தூசியோடு வீடு திரும்பினார்கள். பங்களாவை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு வந்தால், நீங்கள் பார்த்தது கே.ஜி.எஃப்.பில் பாதிகூட இல்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. தாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸை முழுமையாகத் தங்கள் பெயருக்கு எழுதித் தர வேண்டும் என்பது முன்னாள் தொழிலாளர்களின் நீண்டகாலக் கோரிக்கை. நீங்கள் எட்டிப் பார்க்கும் வாசல், அந்தக் கோரிக்கையோடு உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியவருடையதாக இருக்கலாம். பங்களாக்களும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மியூசியம் இல்லை. கேட்டைத் தள்ளுவதற்கு முன் கூப்பிட்டுக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

வண்டியை எங்கே நிறுத்தலாம்?

சயனைடு மலை அடிவாரம் சினிமாவில் அழகாகத் தெரியும். அது மலையே இல்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த பாறைக் கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேல். காற்றடித்தால் தூசி ஊருக்குள் பறக்கும். குழந்தைகளோடு இரவு தங்க அந்த இடம் வேண்டாம். கைவிடப்பட்ட சுரங்க வாய்கள் பக்கமும் போகவே கூடாது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜில் பேசி அதன் வளாகத்தில் நிறுத்துவது நல்லது.

இனி, யாரும் பேசாத விஷயம். வேன் கழிப்பறையின் தொட்டி நிரம்பினால் எங்கே காலி செய்வீர்கள்? வாடகைக்கு விட்ட இடத்தில் திரும்பக் கொடுக்கும்போது மட்டும் செய்யுங்கள். இந்த ஊரின் சாக்கடையில் திறந்துவிடாதீர்கள். கையால் மலம் அள்ளும் கொடுமை 2011 வாக்கில்கூட இங்கே தொடர்ந்ததை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. அதைத் தடுக்கும் புதிய சட்டம் 2013-இல்தான் வந்தது. உங்கள் தொட்டியில் இருப்பது கடைசியில் யாரோ ஒருவர் கைக்குத்தான் போகும்.

காலையில் சீக்கிரம் எழுந்தால் மாரிகுப்பம் ரயில் நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சுரங்க வேலை போன பிறகு, இந்த ஊரின் அடுத்த தலைமுறை தினமும் பெங்களூருவுக்கு ரயிலேறிப் போய் இரவு திரும்புகிறது. ஒன்று மட்டும், அந்த நேரத்தில் ஸ்டேஷன் வழியை அடைத்து வேனை நிறுத்திவிடாதீர்கள். அந்த ரயிலை விட்டால் அவர்களுக்கு அன்றைய சம்பளம் போய்விடும்.